உள்ளே போக வேண்டாம்

“அண்ணே, அந்த உடுப்பைக் கழட்டுங்க. நீங்க உள்ள போக வேண்டாம்!”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் அந்த இன்ஜினீயர்ப் பெண்.

பாதுகாப்பு உடுப்போடு கதவருகே நின்றிருந்த டெக்னீசியன் சிரித்தார். ஆறடிக்கு மேல் உயரம். அங்கே எல்லோருக்கும் அவர் நெட்டை அண்ணன்தான்.

“உனக்கு எதுக்கும்மா சிரமம்? போனேன் வந்தேன்னு போர்டை மாத்திட்டு வந்துடறேன்.”

“போனேன் வந்தேன்னு சொல்ல அது என்ன காய்கறிக் கடையா? கதிர்வீச்சுண்ணே!”

அந்தக் கதிர்வீச்சுதான், அணுத்துகள்களை வேகமாக ஓடவிடும் இயந்திரம் இருக்கும் சுரங்கத்துக்குள், சிப்புகளின் புரோகிராமை அடிக்கடி குழப்பிவிடும். அப்போதெல்லாம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நின்ற பிறகும் மிச்சமிருக்கும் கதிர்வீச்சுக்கு நடுவே இவர் உள்ளே போய், சிப்புகள் பதித்த போர்டையே மாற்றிவிட்டு வருவார். உள்ளிருந்து அளவுகளைக் கொண்டுவரும் அதே கேபிள் வழியாக, வெளியே உட்கார்ந்தபடியே புது புரோகிராமை அனுப்ப அவள் வழி கண்டுபிடித்திருந்தாள். இன்றுதான் முதல் முயற்சி.

முக்கால்வாசி போனதும் திரை சிவந்தது. தோல்வி.

“நான்தான் சொன்னேனே!” நெட்டை அண்ணன் கையுறையை மாட்டத் தொடங்கினார்.

“இருங்கண்ணே, இன்னொரு தடவை.”

“பாதியில நின்னு சிப்பே செத்துப் போச்சுன்னா?”

“சாகாது. பழைய புரோகிராம் தனியா பத்திரமா இருக்கு.”

என்ன மனுஷர் இவர்! அடுத்தவருக்குச் சிரமம் கூடாதென்று தன் உடம்பைப் பணயம் வைக்கிறாரே. புரோகிராமைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துப் பார்த்து அனுப்பினாள்.

திரை பச்சையானது.

“ஜெயிச்சாச்சுண்ணே! இனிமே நீங்க அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க வேண்டாம்!”

அவர் பெஞ்சில் உட்கார்ந்து கையுறையை மெதுவாக உருவினார்.

“என்னண்ணே, சந்தோஷம் இல்லையா?”

“உன்னைச் சொல்லிக் குத்தமில்லைம்மா. ஊருக்கு மாத்தல் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். இன்னும் ஒரே ஒரு தடவை உள்ள போயிருந்தா, ஒரு ஆளு வருஷத்துக்கு இவ்வளவுதான் கதிர்வீச்சு வாங்கலாம்னு வச்சிருக்காங்களே, அந்த அளவு நிறைஞ்சிருக்கும். அப்புறம் விதிப்படி ஊர் ஆபீசுக்கு அனுப்பித்தானே ஆகணும்?” அவர் தலை நிமிரவில்லை. “ஊர்ல இருக்கிற பெத்த பொண்ணு என்னை இன்னும் மாமான்னுதாம்மா கூப்பிடுது.”