டாக்டர் கேட்ட வீடியோ

“எங்க நாய்க்கு வலிப்பு, டாக்டர். திடீர்னு நடுங்கும், என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கத்தும்,” என்றார் தையல்காரர்.

“வாயில நுரை வருதா?” என்று கேட்டார் கால்நடை மருத்துவர்.

“நான் பார்த்ததில்லை. அதுக்குள்ள அசந்து தூங்கிடறேன். எழுந்தா என் சட்டையெல்லாம் நுரை. அது ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி பக்கத்துல உக்காந்திருக்கும்.”

“அடுத்த தடவை வீடியோ எடுத்துட்டு வாங்க.”

மறுவாரம் தையல்காரர் கைபேசியை நீட்டினார். “அது கத்த ஆரம்பிச்சதும் போனைத் தையல் மிஷின் மேல வச்சு வீடியோ ஓடவிட்டேன். பார்க்க மனசு வரலை.”

டாக்டர் பார்த்தார். நாய் கத்தியது. அடுத்த நிமிடம் தையல்காரர் நாற்காலியோடு சரிந்தார். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. அவர் எழும்வரை நாய் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

“நாய் நல்லாத்தான் இருக்கு. நீங்க இன்னைக்கே நரம்பு டாக்டரைப் பாருங்க,” என்று சீட்டு எழுதினார். “வலிப்பு வந்தப்ப கூட இருந்தது யாருன்னு கேப்பாங்க. உங்க நாயையே கூட்டிட்டுப் போங்க.”