உரியவர் நேரில் வரவும்

“அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். வண்டியை மட்டும் திருப்பிடாதீங்க. இன்னிக்கு விட்டா என்னைப் பிடிச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்கக்கா!”

காரின் பின்னிருக்கையிலிருந்து சிட்டு கெஞ்சினாள். குச்சி உடம்பும் துருதுரு நடையுமாக வந்து சேர்ந்த அன்றே அந்த வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர் அது. சமையல், துணி, பாத்திரம், பாப்பா எல்லாம் அவள் பொறுப்பு.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா சலித்துக்கொண்டாள். “நிறுத்த இடமே இல்லையேடி. விசாதான் இன்னும் வருஷக்கணக்கா இருக்கே. புது பாஸ்போர்ட்டை அடுத்த வாரம் வாங்கினா குடியா முழுகிடும்?”

“பாஸ்போர்ட் தேதி முடிஞ்சுட்டா விசா இருந்தும் இல்லாத மாதிரிதானாம். கீழ்வீட்டு டிரைவர் அண்ணன் சொன்னாரு.”

“அனுப்பினா போயேன். உன் பொண்ணைப் பார்த்த மாதிரி இருக்கும்ல?” வீட்டுக்காரம்மா கண்ணாடி வழியே அவளைப் பார்த்துச் சீண்டினாள்.

“அவளுக்கு என் மூஞ்சியே மறந்திருக்கும். எனக்கு எல்லாமே நீங்கதான்க்கா.” சொல்லும்போதே சிட்டுவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

வீட்டுக்காரம்மாவுக்கு மனம் குளிர்ந்தது. அடுத்த தெருவில் ஓர் இடுக்கில் வண்டியைச் செருகினாள்.

தூதரகக் கூடத்தில் ஏசி உறைய வைத்தது. சிட்டுவுக்கோ உள்ளங்கை வியர்த்துக் கொட்டியது. இவளுக்கு முன்னால் போனவரைக் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பியதைப் பார்த்ததும் டோக்கனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடவுளே, அது என் கைக்கு வந்துவிட வேண்டும், அது மட்டும் போதும் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

“ஏன்டி, ரெண்டு நாள் சாப்பாட்டைச் சமைச்சு ஃப்ரிட்ஜ்ல அடுக்கி வெச்சிருக்கே?” என்றாள் வீட்டுக்காரம்மா, போனிலிருந்து தலையை எடுக்காமல்.

“இங்க எவ்வளவு நேரமாகுமோன்னுதான்க்கா. பாப்பா பசி தாங்காது.”

டோக்கன் எண் வந்தது. வீட்டுக்காரம்மா கைப்பையைத் திறந்து பழைய பாஸ்போர்ட்டைக் கண்ணாடித் தடுப்பின் இடுக்கு வழியே அவளே எடுத்துக் கொடுத்தாள். சிட்டு வந்திறங்கிய அன்று, ‘நீ தொலைச்சிடுவே’ என்று விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டது. அன்று முதல் அது பீரோவில், பீரோச் சாவி இந்தக் கைப்பையில்.

“கட்டைவிரலை வைங்கம்மா,” என்றார் அதிகாரி. வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

“தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே போயிடுச்சு போல,” என்று வீட்டுக்காரம்மா சிரித்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. “ரேகை பதியாம குடுக்க முடியாதும்மா. இன்னொரு நாள் வாங்க.”

“இன்னொரு நாள் கிடையாது சார்!”

சிட்டு போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. விரலை வாயருகே வைத்து ஊதினாள், முந்தானையில் துடைத்தாள், எலும்பு நோக அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

வீட்டுக்காரம்மா கண்ணாடி இடுக்கில் கையை நீட்டினாள். “என்கிட்ட குடுங்க சார். இவளுக்கு ஒண்ணையும் பத்திரமா வெச்சுக்கத் தெரியாது.”

“உரியவங்க கையிலதான் குடுப்போம். நீங்க போய் வாசல்கிட்ட உட்காருங்கம்மா.”

முகம் சிவக்க அவள் நகர்ந்தாள். வாசலருகே நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி கத்தரியை எடுத்து, பழைய பாஸ்போர்ட்டின் மூலையைக் கத்தரித்தார்.

“ஐயோ சார், விசா!”

“விசாப் பக்கத்துல கை வைக்கலம்மா. பழசும் புதுசும் சேர்ந்து இருந்தாத்தான் விசா செல்லும். ரெண்டையும் பிரிச்சிடாதீங்க.”

“ரெண்டும் கையில இருந்தா ஏர்போர்ட்ல என்னை நிறுத்த மாட்டாங்கள்ல சார்?”

“எதுக்கு நிறுத்தப் போறாங்க?”

இரண்டையும் வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிட்டு அழுதாள். அடக்கி அடக்கிப் பார்த்தும் விம்மல் நிற்கவில்லை. அதிகாரிக்கே மனசு இளகிவிட்டது.

“அதான் கிடைச்சிடுச்சே, இன்னும் எதுக்கு அழுவுறீங்க? இனிமே யாரும் உங்களை ஊருக்கு அனுப்ப முடியாது. நிம்மதியாப் போய் வேலையைப் பாருங்க.”

அங்கே வீட்டுக்காரம்மா, கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘கொண்டா’ என்று விரலை ஆட்டினாள்.

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் கண்ணாடி இடுக்கில் வாயை வைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“சார், அந்தம்மா கண்ணுல படாம வெளிய போக வேற வாசல் இருக்கா?”