கை போகும் அளவு

மாடி வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே, கூண்டுக்குள் ஒரு சிங்கம் நடக்கிறது. நாலு எட்டு அந்தப் பக்கம், திரும்பி நாலு எட்டு இந்தப் பக்கம். காட்டுக்கு ராஜா என்பார்கள். இங்கே சோபாவுக்குக் காவல். கம்பியில் உரசி உரசி மூக்கில் தோல் இல்லை. ஏசி குளிரிலும் மூத்திர வாடை கண்ணைக் கரிக்கிறது. எதிரே டேப்பும் சாக்பீசுமாகக் குந்தியிருக்கிறார் வெல்டர். ‘எனக்கென்ன பயம்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவர்தான். டேப் மட்டும் கூண்டுக்கு ஒரு முழம் தள்ளியே நிற்கிறது.

“இந்த எடத்துல ரெண்டு கம்பிய அறுத்து, கை போற அளவுக்கு வழி விடுங்க. வர்றவங்க கைய விட்டுத் தடவி போட்டோ எடுக்கணும்,” என்கிறார் வீட்டுக்காரர். “குட்டியிலேர்ந்து என் கையால பால் குடுத்து வளத்தது. பூனை மாதிரி.” “பூனைக்கு எதுக்குங்க இவ்வளவு கனத்த கம்பி?” என்கிறார் வெல்டர். வீட்டுக்காரர் சிரிக்கிறார். “அளவுதானே வேணும்? பாப்பா, இங்க வா. மாமாவுக்குக் கைய உள்ள விட்டுக் காட்டு.” ஐந்து வயது மகள் பொம்மையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறாள். சிங்கம் நடையை நிறுத்துகிறது.

வெல்டர் டேப்போடு எழுகிறார். ஒரே எட்டில் கூண்டை ஒட்டிப் போகிறார். பிள்ளையைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் விடுகிறார். “பாப்பா கை சின்னது, அளவு தப்பிப்போகும்,” என்கிறார் பல்லைக் கடித்துக்கொண்டு. “பால் குடுத்த கை இருக்கில்ல, அத விடுங்க. தோள் வரைக்கும். நான் மெதுவா ரெண்டு தடவ அளந்துக்கறேன்.” டேப் நீட்டியபடியே இருக்கிறது. வீட்டுக்காரரின் வலது கை பேன்ட் பைக்குள் போகிறது. சற்று யோசித்து இடது கையும் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே பிள்ளை தன் இரண்டு கைகளையும் கவுன் பைக்குள் நுழைத்துக்கொள்கிறாள்.