சேறு ஒட்டுமா?

விஸ்கான்சினில் மான் வேட்டைக்காலம் தொடங்க ஒரு வாரமே இருந்தது. ஆர்விட் நாலாவது ஜோடி ரப்பர் பூட்ஸையும் கழற்றிப் போட்டான்.

“மழை, பனி எல்லாத்துக்கும் தாங்கும் சார். கால் கதகதன்னு இருக்கும்” என்றார் கடைக்காரர் கிளிஃபர்ட்.

“ரொம்பக் கதகதப்பு வேணாங்க, வேர்க்கும். சேறு ஒட்டுமா?”

“துளிகூட ஒட்டாது!”

“அப்ப இதுவும் வேணாம்.”

கிளிஃபர்ட் தலையைச் சொறிந்தார். “நீங்க எந்தக் காட்டுல சார் வேட்டையாடுறீங்க?”

ஆர்விட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதோரம் குனிந்தான்.

“காடாவது, வேட்டையாவது! வருஷா வருஷம் நண்பன் குடில்ல அடுப்புப் பக்கத்துல உக்காந்து சீட்டாடுறோம். போன தடவை என் பூட்ஸைப் பார்த்துட்டு, ‘ஏன்யா, காடு பூரா கம்பளம் விரிச்சிருந்தாங்களா?’ன்னு கேட்டுட்டா என் பொண்டாட்டி!”