விளையாட்டு போக மீதி

14 மார்ச் 2041

நேற்று எழுதியது தவறு. தம்பி ரிஸ்வானின் விளையாட்டு கணினியின் முழுத்திறனையும் பயன்படுத்துகிறது என்று எழுதியிருந்தேன். மாலைக் கணினி வகுப்பில் சொல்லித்தந்தபடி இன்று தனித்தனியாக அளந்தேன். விளையாட்டுக்கு முப்பது சதவீதம்தான் போகிறது. மீதியெல்லாம் அவன் பெயரிலேயே இயங்கும் வேறு ஏதோ ஒன்றுக்குப் போகிறது. நான்தான் மறுபடியும் தப்பாக அளக்கிறேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சாப்பிடும்போது அவனிடம் சொன்னேன்.

"வகுப்புக்குப் போனதுலேர்ந்து நீ பெரிய விஞ்ஞானி, லாத்தா" என்று அக்காவான என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அவன் அறையிலிருந்தும் அதே சிரிப்பு கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். நாற்காலி காலி. திரையில் அவன் கூட்டாளிகளோடு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

"சாப்பிடப் போகலையாடா ரிஸ்வான்?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆச்சுடா. லாத்தா இன்னைக்கும் உப்பு போட மறந்துட்டா" என்றது தம்பியின் குரல்.

தம்பி மைக்கைப் பிடுங்கி, "டேய், நான்தான்டா ரிஸ்வான்!" என்று கத்தினான்.

"எவன்டா இவன்? அப்படியே நம்ம ரிஸ்வான் மாதிரி பேசுறான்!" என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குரலும் சேர்ந்து சிரித்தது.

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நாளை காலை அவனைக் கூட்டாளிகளின் வீடுகளுக்கு நேரில் அழைத்துப்போய்க் காட்ட வேண்டும்.