நஞ்சின் பெயர்

“உவள்தான் டொக்டர்! உந்தச் சிவக்கொழுந்துதான் மாட்டுக்கு நஞ்சு வைச்சவள்!”

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினார் பரமலிங்கம்.

மிருக வைத்தியர் மதுரா காது கொடுக்கவில்லை. நீர்வேலியில், பரமலிங்கத்தின் மாட்டுக்கொட்டிலுக்குள் பசு சிவப்பி சரிந்து கிடந்தது. கன்று ஈன்று இருபது நாள்தான். வாயிலிருந்து வீணீர் நூலாக வடிந்தது. தொடைத் தசைகள் துடித்தன. டோர்ச் அடித்துப் பார்த்தபோது கண்மணி மெல்லிய கீறாகச் சுருங்கியிருந்தது.

“மரவள்ளி இலை ஏதும் திண்டதோ?”

“இல்லை.”

“அப்ப பயிருக்கு அடிக்கிற மருந்து பட்டிருக்கு. மருந்தின்ரை பேர் தெரிஞ்சால்தான் எந்த ஊசி, எவ்வளவு எண்டு முடிவெடுக்கலாம். வாயாலை போனதோ, தோலாலை போனதோ?”

“எனக்கென்ன தெரியும்? போன வருசம் வேலிக் கதியாலை ஒரு முழம் இங்காலை தள்ளி நட்டவளைக் கேளுங்கோ. நான் பொலிசுக்குப் போகப்போறன்!”

வேலியோரம் அயலவர் கூடிவிட்டனர். பரமலிங்கத்தின் மனைவி நல்லம்மா கன்றை அணைத்தபடி விம்மினாள்.

“ஐயா, நேரம் போகுது. தெரிஞ்சதை ஒளிக்காதேங்கோ. பொய் சொன்னால் மாடு போயிடும்.”

பரமலிங்கம் நிலத்தைப் பார்த்தார்.

அப்போது படலை திறந்தது. ஒரு வருடமாக அந்த முற்றத்தை மிதிக்காத சிவக்கொழுந்து, சொப்பிங் பைக்குள் ஒரு வெற்றுப் போத்தலுடன் வந்து நின்றார்.

“இந்தா பிள்ளை, உதுதான் மருந்து. என்ரை மிளகாய்க்கு அடிச்சனான். காத்து இந்தப் பக்கம் வீசினது. மாட்டின்ரை கழுத்து, முதுகெல்லாம் படிஞ்சிருக்கும்.”

“பாத்தியளே, நெஞ்சழுத்தக்காரி!” வேலியோரம் நின்ற அயலவர் தூற்றத் தொடங்கினர்.

“வேலிக் கோவத்தை வாயில்லாச் சீவனிலையோ காட்டுறது?”

“உவவுக்கு நாள் தவறாமல் கோயிலும் வேறை!”

பிறரைத் தூற்றுவதற்கு மனிதர் ஒருபோதும் சான்று தேடுவதில்லை. சிவக்கொழுந்து தலைகுனிந்து நின்றார்.

மதுரா போத்தலின் எழுத்துகளைப் படித்தார். அடுத்த கணம் ஊசி ஏறியது.

“சவர்க்காரமும் தண்ணியும் கொண்டு வாங்கோ! கிளவுஸ் போட்டுக்கொண்டு முழு உடம்பையும் கழுவுங்கோ!”

இரண்டு ஊசிகள். எட்டு வாளித் தண்ணீர். ஒரு மணித்தியாலத்தில் வீணீர் நின்றது. சிவப்பி தலையைத் தூக்கிக் கன்றைத் தேடியது.

“தப்பீட்டுது. நான் சொல்லும் வரைக்கும் பாலைக் குடியாதேங்கோ, கன்றுக்கும் விடாதேங்கோ. பின்னேரம் திரும்ப வாறன்.”

ஆனால் மதுராவின் மனத்தை இரண்டு கேள்விகள் குடைந்தன. காதின் அடியிலும் வாலின் அடியிலும்தான் மருந்து நெடி மிகுதியாக இருந்தது. வாலுக்கு அடியில் காற்று எப்படிப் புகுந்தது? எதிராளியே குற்றத்தை ஒப்புக்கொண்ட பின், பொலிஸ் என்று குதித்த பரமலிங்கம் ஏன் ஒரு சொல்லும் பேசவில்லை?

மதுரா சிவக்கொழுந்தின் பின்னாலேயே நடந்தார்.

“அம்மா, மருந்தடிச்ச மிளகாயை இரண்டு கிழமைக்கு ஆயக்கூடாது. தோட்டத்தை ஒருக்காக் காட்டுங்கோ.”

வேலிக்கு அப்பால் செம்மண் வெறுமனே வெடித்துக் கிடந்தது. ஒரு மிளகாய்க் கன்றுகூட இல்லை.

“மிளகாய் எங்கை அம்மா?”

சிவக்கொழுந்து குரலைத் தாழ்த்தினார்.

“நான் தோட்டம் செய்து ரண்டு வருசம், பிள்ளை. பரமலிங்கண்ணைதான் விடியக்காலமை மாட்டின்ரை உண்ணிக்கு எண்டு உந்த மருந்தைப் பூசிப்போட்டு, போத்தலை என்ரை வளவுக்கை எறிஞ்சவர்; வேலியாலை கண்டனான். ஊருக்கு முன்னாலை அந்த மனிசனுக்கு வாய் வரேல்லை. அதுக்காக மாட்டைச் சாக விடேலுமே?”