திருத்தக் கடிதம்

கதவைத் திறந்த கணவர், மனைவியின் முகத்தைக் கண்டதும் ஒன்றும் கேளாமல் பையை வாங்கி வைத்துவிட்டு, தேநீர் கலந்து கொண்டுவந்து நீட்டினார்.

“ஒன்பது வருஷக் கணக்குங்க. தப்பாம்,” என்றாள் அவள், நாற்காலியில் சாய்ந்தபடி.

நியூட்ரினோ என்னும் நுண்துகள் அணுக்கருவில் மோதினால் எவ்வாறு சிதறும் என்று கணக்கிட்டுச் சொல்வது அவள் பணி. அவள் தந்த எண்களை நம்பித்தான் மூன்று நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் தங்கள் அளவீடுகளைச் சரிபார்த்துவந்தன.

“யாரு சொன்னா?”

“ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கடிதம் போயாச்சு. கருவுக்குள்ள ரெண்டு துகள் சேர்ந்து வாங்குற அடியை, ஒரு தடவைக்குப் பதிலா ரெண்டு தடவை கூட்டியிருக்கேன். உண்மைதாங்க.”

“இத்தனை வருஷமா யார் கண்ணுலயும் படாதது, அந்த ஆளு கண்ணுல மட்டும் எப்படிப் பட்டுச்சு? அடுத்த மாசம் உனக்குப் பதவி உயர்வு வர்ற நேரம் பார்த்து எழுதியிருக்கு. வயித்தெரிச்சல் பிடிச்ச ஜென்மம்.”

“திட்டாதீங்க, பாவம். அதுக்கும் மூணு வாரமா சரியான தூக்கம் இல்ல.”

“நீ வேற பரிஞ்சு பேசு. அந்த ஆளு நம்ம வீட்டு வாசப்படியை மிதிக்கட்டும், அன்னைக்கு இருக்கு கச்சேரி.”

அவள் காலிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

“மிதிச்சாச்சுங்க. நீங்கதான் கதவைத் திறந்து, டீயும் குடுத்தீங்க.”

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் சென்றார்.

“அந்த ஆளுக்கு இன்னொரு டீ போடுறேன்,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “சர்க்கரை கொஞ்சம் கூடவே போடட்டுமா?”